மூலைக் கட்டிலில் அடித்த மணி

"அந்தப் பொண்ணு கேக்கறதுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்கம்மா?" என்று கேட்டார் செங்கோடன்.

கொடுமுடிப் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு சின்ன மடம். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். மடத்தை நடத்துபவர் அமிர்தவல்லி அம்மா. செங்கோடனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர்தான் குரு, இவர் சீடர்.

செங்கோடன் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி வந்தவரிடம் வார்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அம்மா.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கம்பெனியில் கற்ற, வீணைக் களையும் லீன் முறையை மனுஷர் இங்கேயும் கொண்டுவந்தார். வீண் நடை கூடாது, வீண் காத்திருப்பு கூடாது, வீண் ஆள் கூடாது. மருந்து அலமாரியை வார்டின் நடுவுக்கு நகர்த்தினார். நர்ஸுகளுக்குக் கால்வலி குறைந்தது. அதை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்று மத்தியானம் மூலைக் கட்டிலில் இருந்த நாச்சிமுத்து இறந்துபோனார். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கின மனிதர். அழைப்பு மணியின் சுவிட்சு அவர் கையிலேயே இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பெருந்துறையிலிருந்து மகள் பாவாயி ஓடி வந்தாள். கடைசி நேரத்தில் அப்பா பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

"இதோ வந்தர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுச் செங்கோடன் இங்கே அம்மாவின் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"என்ன நடந்துச்சுன்னு எனக்கே புரியலீங்கம்மா."

"கோளாறு வந்தா ஏன் ஏன்னு கேட்டுட்டே போகோணும், வேர் கையில சிக்கற வரைக்கும் விடக்கூடாதுன்னு நர்ஸுப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தந்தீங்களே."

"ஆமாங்க."

"அவரு மணி அடிச்சும் நர்ஸு உடனே போகலை. ஏனுங்க?"

"வேற கட்டிலுக்குப் போயிருந்துச்சுங்க. அங்கயும் மணி அடிச்சுது."

"அங்க என்ன வேணும்னாங்களாம்?"

"ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்களாம். இப்பெல்லாம் அப்படித்தானுங்க. மணி அடிக்கறாங்க. ஓடிப் போய் என்ன வேணும்னு கேட்டா, ஒண்ணுமில்லை கண்ணுங்கறாங்க. அடுத்த கட்டில்லயும் அதே கதை. நாச்சிமுத்து ஐயாவும் நேத்து முழுக்க அப்படித்தான் அடிச்சாரு. இதுவும் அப்படித்தான்னு நெனச்சு அந்தப் புள்ளை மெதுவாப் போயிருக்குது."

"ஒண்ணும் வேண்டாதவங்க மணி அடிக்கறது ஏனுங்க?"

செங்கோடன் யோசித்தார். கம்பெனியில் கேள்வி இந்த இடத்துக்கு வந்தாலே அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும். இப்போது தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆள் இருக்குதான்னு பாக்கறாங்க போலிருக்குங்க."

"முன்னெல்லாம் இப்படி அடிக்கலையே. ஏனுங்க?"



அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவசரப்படுத்தவில்லை.

"முன்னெல்லாம் மயிலாத்தா இருந்துச்சுங்க" என்றார் செங்கோடன் கடைசியில்.

"இப்ப எங்க?"

"துணி துவைக்கற பக்கம் மாத்திட்டேனுங்க. அங்க ஆள் பத்தலை."

"வார்டுல அந்தம்மாவுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லீங்கம்மா. நான் ஒரு நாள் முழுக்க அங்கயே நின்னு பாத்தேன். மருந்து தரலை, கூட்டலை, துடைக்கலை. ஸ்டூலைப் போட்டுட்டு இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம். என்னம்மா வேலை பாக்கறீங்கன்னு நானே கேட்டேனுங்க. 'சும்மா உக்காந்திருக்கறனுங்க சாமி'ன்னு அது வாயாலயே சொல்லுச்சு."

சொல்லி முடித்தவருக்கு, ஸ்டூலில் அந்த அம்மாள் இருந்தவரை யாரும் வீணாக மணி அடிக்காதது அப்போதுதான் உறைத்தது. பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

"மாத்தறேன்னு நீங்க வந்து கேட்டப்ப, சரின்னு சொன்னவ நானுந்தான்" என்றார் அம்மா.

பிறகு அம்மாவே முதலில் எழுந்தார்.

"எந்திரிங்க. அந்தப் பொண்ணு அப்பன்கிட்டத் தனியா உக்காந்திருக்குது."

"உள்ளதைச் சொல்லிடட்டுங்களா?"

"மறுபடி கேட்டா சொல்லுங்க, மறைக்க வேண்டாம். முதல்ல போய்ப் பக்கத்துல உக்காருங்க."

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"எவ்வளவு நேரமுங்க உக்காரோணும்?"

அம்மா அவரைப் பார்த்தார்.

தான் கேட்டது செங்கோடன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.