தாழைத்திட்டில் ஊற்று இறைத்த உலகாயி அம்மையார்

தாழைத்திட்டு என்னும் தீவில் ஊருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது உலகாயி அம்மையாரின் வேலை. கரையிலிருந்து பாய்மரத் தோணியில் ஒரு பகல் தூரத்தில் கிடக்கும் மணல் திட்டு அது. அங்கே கிணறு வெட்ட முடியாது. பள்ளத்தில் இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மூன்று முழம் தோண்டினால் கடல் வந்துவிடும். பெய்த மழை மணலுக்குள் உப்பு நீரின்மேல் பாலேடு போல மிதக்கிறது. அந்த ஏடு கலையாதபடி குழிக்குள் குப்புறப் படுத்து, சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தை நிரப்ப வேண்டும். இடுப்பை ஒடிக்கும் இந்த வேலையை ஆண்கள் யாரும் தொடமாட்டார்கள். சிப்பி அள்ளப் போன கணவர் திரும்பாமல் போக, மகள் செவந்தியோடு தனித்து நின்ற அம்மையாரிடம் அதைக் கொடுத்துவிட்டு, ஏதோ பெரிய தருமம் செய்துவிட்டதாக ஊரார் பேசிக்கொண்டார்கள்.

ஊர் என்றால் பதினோரு குடும்பங்கள். பஞ்சத்தில் சொந்த ஊர் காய்ந்துபோக, சிப்பி சுட்டுச் சுண்ணாம்பாக்கும் பிழைப்பைத் தேடி அங்கே குடியேறியவர்கள். சுண்ணாம்பை ஏற்றிப் போக மாதம் ஒருமுறை தோணி வரும். அதில்தான் அரிசியும் வரும். புறப்பட்ட நாளில் தங்கள் ஊர்ச் சிவன் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்திருந்தார்கள். தீவின் நடு மேட்டில், ஒற்றைப் பூவரச மரத்தடியில், அந்த மண்ணைத் தீவு மணலோடு பிசைந்து லிங்கமாகப் பிடித்து, மண்ணீசர் என்று பெயர் வைத்தார்கள். இந்த இடத்தில் கை வைப்பவன் வம்சம் அற்றுப்போகட்டும் என்று தலைக்கட்டுக்கு ஒருவராகச் சத்தியமும் செய்தார்கள். சத்தியம் செய்தவர்கள் அதன்பின் பூசை செய்ய மறந்துவிட்டார்கள்.

அம்மையார் மறக்கவில்லை. தீவில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் காய்ந்த மணலை வாரிக் கடலில் கொட்டும். மண்ணாலான சாமி காய்ந்தால் என்ன ஆவார்? அந்தக் கவலையோடு நாள்தோறும் முதல் சிரட்டைத் தண்ணீரை மேட்டுக்கு ஏந்திப் போய் லிங்கத்தின்மேல் தெளிப்பார். "நனைஞ்சுக்க சாமி. காத்தோட போயிராத" என்பார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "சாமிக்கே தாகம் எடுக்குதாம்!" என்று சிப்பி சுடும் காளவாயடியில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் மாலைவரை அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அம்மையாரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்துப் போவார்.

ஓராண்டு ஐப்பசி மழை பொய்த்தது. அடுத்து வந்த கோடையிலும் ஒரு தூறல் இல்லை. கச்சான் காற்று முன்கூட்டியே எழுந்து கடலைப் புரட்டியதால் தோணியும் நின்றுபோயிற்று. ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் என்று பங்கு வைத்தார்கள். அம்மையாரின் கணவருக்குத் தாய்மாமனான வில்லாயுதம்தான் ஊர்த்தலைவர். கண்டிப்பானவர், கொஞ்சம் முன்கோபி. அவர் அம்மையாரைக் கூப்பிட்டார்.

"மண்ணுல ஊத்துறத இன்னையோட நிறுத்து, உலகாயி."

"ஊர்த் தண்ணியத் தொடமாட்டேன் மாமா. எம்பங்குல பாதிய ஊத்திக்கிறேன்."

அப்படியே செய்தார். மீதிப் பாதியில் ஒரு மடக்கை மகளுக்குக் கொடுத்து, எஞ்சியதைத் தாம் குடித்தார். உதடு வெடித்தது. லிங்கம் மட்டும் ஈரமாகவே இருந்தது.

ஊற்று நாளுக்கு நாள் சுருங்கியது. இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள் என்றார் வில்லாயுதம். அம்மையார் பதறிப்போய்க் குழிக்குள் இறங்கி நின்றார். "வேணாம் மாமா, கீழ கடலு இருக்கு. மேட்டுல, சாமி இருக்கிற எடத்துலதான் நல்ல தண்ணி நிக்கிது. மத்தியானத்துலயும் அங்க மணலு குளுந்து கெடக்கு. பூவரசு ஒரு எல கூட வாடல, பாருங்க. அங்க தோண்டச் சொல்லுங்க."

வில்லாயுதத்தின் முகம் கறுத்தது. "சாமிய நோண்டச் சொல்றியா? வாயக் கழுவு! புருசன முழுங்குனவ, ஊரையும் முழுங்கப் பாக்குறியா?"

தெய்வத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க மனம் இல்லாதவர்களுக்குத் தெய்வத்தின்மேல் இருந்த பயம் மட்டும் குறையவில்லை. அம்மையாரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டுக் குழியை மூன்று முழம் ஆழமாக்கினார்கள். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஆரவாரம் செய்தார்கள். அள்ளி வாயில் வைத்த முதல் ஆள் காறித் துப்பினார். ஏடு கலைந்துவிட்டது; கடல் ஊற்றைத் தின்றுவிட்டது. சுற்றிலும் நான்கு இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள். நான்கிலும் கரிப்பு.

அதன்பின் நடந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. முதலில் கைக்குழந்தைகள் போயின. பிறகு வயதானவர்கள். உப்புத் தண்ணீரைக் குடித்துப் பிதற்றியபடி கடலுக்குள் நடந்துபோனவர்களும் உண்டு. இருந்தவர்கள் தாழை வேரைச் சப்பிக் கிடந்தார்கள். ஆறு வயதுச் செவந்தி காய்ச்சலில் தாயின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆத்தா, நம்ம சாமிக்கு நெறைய ஊத்துனோமே. எனக்குக் கொஞ்சம் தருவாரா?"

"தருவாருடா கண்ணு."

உச்சி வெயிலில் குழந்தை கண்ணை மூடியது. அம்மையார் தம் கையாலேயே குழி தோண்டி மகளைப் புதைத்தார். பிறகு மேட்டுக்குப் போய் மண்ணீசர் முன் நின்று வாய்விட்டு அழுதார். கண்ணீர் வரவில்லை, உடம்பில் அதற்கும் தண்ணீர் இல்லை. "அம்புட்டையும் குடிச்சியே! ஒரு வாயி திருப்பிக் குடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார். இரண்டையும் ஒரே மனத்தோடுதான் செய்தார்.

கும்பிட்டு எழுந்தவர், லிங்கத்தின் தலையில் கை வைத்து மண்ணை விலக்கத் தொடங்கினார்.

அதைக் கண்டு தவழ்ந்தும் தள்ளாடியும் ஊரார் வந்து சேர்ந்தார்கள். வில்லாயுதம் ஒரு கொம்பை ஓங்கினார். "எடு கைய! வம்சம் அத்துப்போகும்" என்றார். அந்தச் சொற்களோடு அவர் குரல் அடைத்துக்கொண்டது.

"என் வம்சம் மத்தியானமே அத்துப்போச்சு மாமா" என்றார் அம்மையார். "எனக்கு இனிமே தண்ணி எதுக்கு? மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்காகத்தான். அந்தச் சத்தியத்தோட பாவம் எந்தலையோட போகட்டும். அடிக்கிறதுன்னா அடிங்க."

ஓங்கிய கொம்பு கைநழுவி விழுந்தது. அடிக்கவும் தெம்பில்லாமல் அவர் அங்கேயே சரிந்தார். பிறர் யாரும் உதவிக்கு வரவில்லை; தெய்வக் குற்றத்தில் பங்கு வேண்டாம் என்று ஒதுங்கி நின்றார்கள். பிடிமண்ணை மட்டும் தனியே எடுத்து வைக்கலாம் என்று பார்த்தார் அம்மையார். முடியவில்லை. ஊர் மண்ணும் தீவு மணலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டிருந்தன. "போயிட்டு வா சாமி" என்று சொல்லி எல்லாவற்றையும் வாரி இறைத்தார். நகம் பிய்ந்து இரத்தம் வர, இடுப்பளவு தோண்டினார். அடியில் மணல் நனைந்திருந்தது. சற்றுப் பொறுத்து ஒரு கையகலத்துக்குத் தண்ணீர் தெளிந்து நின்றது. நக்கிப் பார்த்தார். இனித்தது. அதுவரை விலகி நின்றவர்கள் மண்வெட்டியோடு தள்ளாடி வந்தார்கள். "யாரும் எறங்காதீங்க! இனி ஒரு சாண் தோண்டுனாலும் கடலு வந்துரும்" என்று அதட்டிவிட்டு, குப்புறப் படுத்துத் தண்ணீரைச் சிரட்டையில் வழித்தெடுத்தார்.

முதல் சிரட்டை நிறைந்ததும் அம்மையாரின் கை பழக்கத்தில் உயர்ந்தது. வார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. தம் இறைவரைத் தாமே மண்ணோடு மண்ணாக்கிவிட்டது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. மகளையும் சாமியையும் ஒரே நாளில் தொலைத்தவராய் அவர் விக்கித்து நின்றார்.

"எனக்கு ஊத்து, தாயி."

பக்கத்தில் குரல் கேட்டது. திரும்பினால் குழியின் விளிம்பில் வில்லாயுதம் வாய் பிளந்து கிடந்தார். அம்மையார் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்து, மகளுக்குக் கிடைக்காத தண்ணீரை அவர் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார்.

எஞ்சியவர்கள் பிழைத்தார்கள். பத்து நாள் கழித்துத் தோணி வந்தது. வில்லாயுதத்துக்கு வீங்கிய நாக்கு இறங்கிப் பேச்சு வர அதன்பின்னும் ஒரு வாரம் ஆயிற்று. அன்று அவர் கேட்டுத்தான் தண்ணீர் வார்த்ததாக அம்மையார் சொன்னபோது, "தண்ணி குடுன்னு நான் கேக்கலம்மா. எனக்கு நாக்கே அசையல" என்று அழுதபடி அம்மையாரின் காலைத் தொட்டார். அன்று சுற்றி நின்ற மற்றவர்களை விசாரித்தார்கள். தாங்கள் யாரும் பேசவில்லை, எந்தக் குரலையும் கேட்கவும் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள்.

மண்ணீசர் இருந்த மேட்டை அம்மையார் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவரு காத்தோட போகல" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடந்தார். பெற்ற மகளைப் பறிகொடுத்த நாளிலும் பிறர் தாகம் தீர்த்த அந்தக் கைகளைக் கும்பிடுகிறோம்.