உறையாத கணினி

மாலை நான்கு மணி பத்து நிமிடம். சிறுசேரியில் வானம் கறுத்து, காற்றில்லாமல் புழுங்கியது. அங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில், ஒப்பந்தப் பொறியாளர் சாலோமியின் மேசைக்கு அதன் இயக்குநர் வைத்தீஸ்வரன் வந்தார். அந்நிறுவனத்தின் இயங்குதளத்தில், பாட்டு ஓடும்போது ஹெட்போனைப் பிடுங்கினால் கணினியே உறைந்துவிடும். அதில் ஒலியை இயக்கும் நிரலான ஆடியோ டிரைவரை எழுதியவர் வைத்தீஸ்வரன்தான்.

"அஞ்சு மணிக்கு வாடிக்கையாளர் வர்றாங்க. கணினி உறையக் கூடாது. நான் எழுதினதுல ஒரு வரியும் மாறக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதம்மா."

"தப்பே அதுலதான் சார். பிடுங்கின ஹெட்போனுக்கும் ஒலி அனுப்பிட்டிருக்கு. திருத்தி வச்சிருக்கேன், பாருங்க."

"நீ பள்ளிக்கூடம் போனப்ப எழுதினது அது. எனக்கே சொல்லித் தர்றியா?"

"சரி சார். ஒரு வரியும் மாறாது."

ஐந்து மணிக்கு வாடிக்கையாளர் தரப்பில் வந்த நாச்சியார் அம்மையார் பாட்டை ஓடவிட்டு ஹெட்போனைப் பிடுங்கினார், செருகினார், மறுபடி பிடுங்கினார். கணினி உறையவில்லை. வைத்தீஸ்வரன் தம் டிரைவரின் பெருமையை இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். அம்மையார் ஹெட்போனைச் செருகிக் காதில் வைத்தார்.

"பாட்டே கேக்கலையே?"

சாலோமி பணிவாக எழுந்தாள். "சார் எழுதினதை மாத்தக் கூடாதுன்னு உத்தரவு மேடம். மாத்தலை, ஓடவிடாம நிறுத்தி வச்சிருக்கேன். அது ஓடாத வரைக்கும் கணினிக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை வைத்தீஸ்வரன் சாலோமியின் திருத்தத்தை டிரைவரில் தம் பெயரில் சேர்த்தார். நாச்சியார் அம்மையார் பாட்டைக் கேட்டு, திருத்தியவர் யார் என்று கேளாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வேலை போன சாலோமி அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு, நிறுவனத்தின் பொருள் எதையும் கொண்டுபோகவில்லை என்று வாசல் காவலாளிக்குத் தன் பையைத் திறந்து காட்டினாள்.