அடித்த கை

லூர்துசாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, படித்துத் தேர்வெழுதி, தலை நரைத்த பிறகு வாத்தியார் ஆனவர்.

"வகுப்பு எடுக்கதுக்கு முன்னால கொஞ்ச நாள் பாத்திமா டீச்சர்கிட்ட போய் உட்காருங்க" என்றார் தலைமையாசிரியர்.

பாத்திமா டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். லூர்துசாமி அதைப் பொருட்படுத்தவில்லை. ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து பாடம் கேட்டார்.

ஒருநாள் கேட்டார்: "டீச்சர், நீங்க கை ஓங்கி நான் பார்த்ததே இல்ல. பிள்ளைக எப்படி அடங்குதாங்க?"

"அடங்கணும்னு நான் கேட்டதே இல்லையே சார்."

அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. சுடலைமணி என்ற பையனின் அம்மா கையில் மாவுக்கட்டோடு பள்ளிக்கு வந்து போயிருந்தாள். மறுநாள் கூடப் படிக்கும் அருள்ராஜ் அவனிடம் சிரித்துக்கொண்டே கேட்டான்: "உங்கப்பா இந்தத் தடவை உங்கம்மாவ எதால அடிச்சாருல?"

சுடலைமணி ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வீசினான். அருள்ராஜின் புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது.

வகுப்பே எழுந்து நின்றது. பாத்திமா டீச்சர் ஓடிவந்து காயத்தைப் பார்த்தார். கண்ணில் படவில்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்.

சுடலைமணி கேட்காமலே அவர் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினான். அடி வாங்கிப் பழகிய கை. கண்ணை இறுக மூடியிருந்தான்.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அருள்ராஜிடம் குனிந்தார்.

"பஞ்சை இவன் பிடிக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்."

அருள்ராஜ் சுடலைமணியின் மூடிய கண்களைப் பார்த்தான். பிறகு, "ம்" என்றான்.

நீட்டியிருந்த கையில் டீச்சர் பஞ்சை வைத்தார்.

"அழுத்திப் பிடி. ரத்தம் நிக்கிற வரைக்கும் எடுக்கக்கூடாது."

பஞ்சு சிவந்தது. கொஞ்ச நேரத்தில் அழுதது சுடலைமணிதான். "உங்கம்மாவச் சொல்லிருக்கக் கூடாதுல" என்றான் அருள்ராஜ், மெதுவாக.

தையல் போட அருள்ராஜை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவன் வீட்டுக்கும் தகவல் சொன்ன பிறகு, வராந்தாவில் லூர்துசாமி பொரிந்து தள்ளினார்.

"என்ன டீச்சர் இது? மண்டையை உடைச்சவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா?"

"எந்த வீட்டுக்கு சார்?"

லூர்துசாமிக்கு அந்த மாவுக்கட்டு நினைவுக்கு வந்தது.

"வாங்க, பார்த்துட்டு வருவோம்" என்றார் டீச்சர்.

சாயங்காலம் சுடலைமணியோடு மூவருமாக அவன் வீட்டுக்குப் போனார்கள். சுடலைமணியின் அப்பா பேச்சிமுத்து லாரியில் லோடுமேன். குடித்திருந்தார். பள்ளியில் நடந்ததைக் கேட்டதும் மனைவி மாடத்தி பக்கம் திரும்பினார்.

"நீ வளர்த்த லட்சணம்!"

கை ஓங்கியது. லூர்துசாமி பாய்ந்தார். அதற்குள் சுடலைமணி குறுக்கே வந்து நின்றுவிட்டான். அப்பன் உயரம் இருந்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

"தள்ளுல!"

"தள்ள மாட்டேன். நானும் இன்னைக்கு ஒருத்தனை அடிச்சேன்ப்பா. ரத்தம் சூடா இருந்துச்சு. அது நிக்கிற வரைக்கும் நான்தான் புடிச்சிட்டிருந்தேன்." அவன் குரல் உடைந்தது. "அம்மாவுக்கு நீங்க ஒருநாளும் புடிச்சதில்ல."

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பேச்சிமுத்து மகனைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார். கை கீழே இறங்கியது.

பாத்திமா டீச்சர் மாடத்தியிடம் கேட்டார்: "உங்க அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவா?"

மாடத்தி நிமிர்ந்தாள். "நான் எதுக்கு டீச்சர் போகணும்? இவரு போவட்டும். தெளிஞ்சப்புறம் வரட்டும்."

பேச்சிமுத்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அண்ணே, இன்னொரு தடவை கை ஓங்குனா நாங்க மட்டும் வர மாட்டோம். போலீஸும் வரும்" என்றார் டீச்சர்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

மாடத்தி மகனை இழுத்து, நல்ல கையால் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எம்புள்ள" என்றாள் டீச்சரைப் பார்த்து.

டீச்சரும் லூர்துசாமியும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

"எத்தனையோ பேரு நெஞ்சுல பதக்கம் குத்துனதைப் பார்த்திருக்கேன் டீச்சர். இந்தப் பயலுக்கு எதைக் குத்துறது?"

டீச்சர் சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கையைப் பின்னால கட்டிட்டு நின்னானே டீச்சர். திருப்பி அடிச்சிருவோமோன்னு அவனுக்கே பயம். அதான் கட்டிக்கிட்டான். அதை எப்ப சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் சொல்லிக் குடுக்கல சார். எனக்கே அது தெரியாது."

"பிறகு?"

"நாளைக்கு அவன்கிட்ட போய் உட்காருவோம். நீங்களும் நானும்."