அணிலின் ஆர்டருக்கு நத்தையின் ரேகை

ஒரு காட்டில் நரி ஒன்று செல்போனுக்குள் கடை திறந்தது. திரையில் விரல் ரேகையை வைத்தால் ஆர்டர் போய்விடும். சாயங்காலம் காகம் சரக்கைக் கொண்டுவந்து, விலைக்கு உண்டான தீனியை வாங்கிப் போகும்.

நரிக்குச் சரக்கைவிட வாங்குபவர்களின் குணம் நன்றாகத் தெரியும். மயிலிடம், இது வேறு யாரிடமும் இல்லை என்று சொல்லும். காட்டுப்பன்றியிடம், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொல்லும். குளக்கரை மருதமரத்து அணிலோ அவசரக்காரி. அதன் போனில் காலையிலேயே மணி அடிக்கும்.

"இன்னும் இரண்டே இரண்டுதான் இருக்கு! சீக்கிரம்!"

உடனே அணிலுக்குக் கை பரபரக்கும். அப்படி வாங்கியதில் பொந்து நிறைந்தது. வால் சீவ மட்டும் நான்கு சீப்பு. இருப்பதோ ஒரே வால்.

அடைமழைக் காலம் நெருங்கியது. பொந்தில் கண் திறக்காத குட்டிகள் இருந்தன. மழையில் இரை தேட இறங்க முடியாது. சேர்த்து வைத்த கொட்டைகளைத் தின்றால்தான் குட்டிகளுக்குப் பால். அணில் கிடங்கைத் திறந்து பார்த்தது. பாதிக்கு மேல் காலி. எல்லாம் காகத்தோடு போயிருந்தது. அணிலுக்குப் பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

இனி எதுவும் வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தது. மறுநாள் காலை மணி அடித்தது. சாயங்காலம் ஐந்தாவது சீப்பு வந்தது.

ஆனால் அணில் முட்டாள் இல்லை. சத்தியம் தனக்குச் சரிப்பட்டு வராது என்று அதற்குப் புரிந்துவிட்டது. போனை மரத்தடியில் வைத்துவிட்டு, குளத்தின் அக்கரையில் இருந்த நத்தையிடம் போயிற்று.

"நத்தையக்கா, என் கை சும்மா இருக்காது. போன்ல என் ரேகையை அழிச்சிட்டு உங்க ரேகையைப் பதிஞ்சிடறேன். நான் கூப்பிட்டா வந்து வைங்க."

"நான் வந்து சேர மத்தியானம் ஆயிடுமே, தங்கச்சி?"

"அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன்."

நத்தை ஊர்ந்து வந்து மரத்தடிப் போனில் தன் பாத ரேகையைப் பதிந்துவிட்டுப் போயிற்று. மறுநாளும் மணி அடித்தது. திரையில் கழுத்து மணி ஒன்று பளபளத்தது. அணில் நத்தையைக் கூப்பிட்டுவிட்டுக் கிளைக்குக் கிளை தாவியது. பிறகு பசித்தது, கொட்டை பொறுக்கப் போயிற்று. நத்தை வந்து சேர்ந்தபோது, எதற்குக் கூப்பிட்டோம் என்றே அணிலுக்கு மறந்திருந்தது. இருவரும் சிரித்தார்கள்.

நாட்கள் இப்படியே போயின. கிடங்கு நிரம்பியது. ஒரே ஒரு முறை, பொந்து வாயை மூட மழைப்பாய் ஒன்றை அணில் கேட்டது. நத்தை வந்து சேர்ந்த பிறகும் அது வேண்டும் என்றே சொன்னது. நத்தை ரேகையை வைத்தது. பாய் வந்த இரவே மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் நனையாமல் வயிறு நிறையப் பால் குடித்தன.

மழை ஓய்ந்ததும் நரியே நேரில் வந்தது. ஆர்டர் வராமல் போனதில் அதற்கு ஒரே எரிச்சல்.

"என் சரக்குல என்ன குறை?" என்று கேட்டது.

"சரக்குல ஒண்ணும் குறையில்லை அண்ணே. பாய் நல்லாவே இருக்கு. நீங்க இவ்வளவு நாளா எனக்கு வித்தது என் அவசரத்தைத்தான். அது இப்ப என்கிட்ட இல்லை, அக்கரையில இருக்கு" என்றது அணில்.

நரி குளத்தைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது.

தன் குணத்தைத் தானே அறிந்து அதற்குக் கடிவாளம் போட்டுக்கொள்பவரை எந்த வியாபாரியாலும் ஏமாற்ற முடியாது.