மீட்டரில் பூஜ்யம்

தூத்துக்குடியில் எலக்ட்ரீஷியன் வேலை பழக்கும் நிலையம் ஒன்றில் அமலோற்பவம் என்றொரு ஆசிரியை இருந்தார். அளந்துதான் பேசுவார். மீட்டர் பிடிப்பது, கேபிள் இழுப்பது, எந்த வயர் எவ்வளவு லோடு தாங்கும் என்று கணக்குப் போடுவது எல்லாம் அவரிடம்தான் கற்க வேண்டும்.

உப்பளத்து வேலையில் கால் புண்ணாகிப்போன இசக்கிதுரை, கல்யாண வயதெல்லாம் தாண்டிய பிறகு அவரிடம் வந்து சேர்ந்தான். கணக்கில் புலி. அவனோடு சேர்ந்தவன் கில்பர்ட். இருவரும் ஒரே சைக்கிளில் வந்து போவார்கள்.

வேலை பழக இருவரையும் ஒரு ஐஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மோட்டாரைக் கழற்ற வேண்டியிருந்தது. மேஸ்திரி காட்டிய சுவிட்சை இறக்கினார்கள். வாசலில் மீன் லாரிகள் வரிசை கட்டி நின்றன. "சீக்கிரம்யா, சீக்கிரம்" என்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார்.

இசக்கிதுரை மோட்டார் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தான். பூஜ்யம்.

"கரண்ட் இருக்கால?" என்றான் கில்பர்ட்.

"இல்ல. தொடு."

கில்பர்ட் தொட்டான்.

இறக்கியது வேறொரு மோட்டாரின் சுவிட்ச். மீட்டரின் வயருக்குள்ளே செம்புக் கம்பி அறுந்துபோயிருந்தது. மேலுறை நன்றாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அறுந்த வயரை எங்கே வைத்தாலும் பூஜ்யம்தான் காட்டும். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

கில்பர்ட்டை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் அவன் மனைவி ஸ்டெல்லா இசக்கிதுரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட நீங்கதான இருந்தீங்க. கடைசியா என்ன பேசினாவ அண்ணே?"

இசக்கிதுரை கையை விடுவித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

விதி என்றார் மேஸ்திரி. மீட்டர் கோளாறு, நீ என்ன செய்வே என்றார்கள் கூடப் படிப்பவர்கள். "உனக்கு ஒண்ணும் ஆவலியே, அது போதும்யா" என்று அம்மா திருநீறு பூசினாள். ஆறுதல் கேட்கக் கேட்க அவனுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

ஒருநாள் காலையில் பயிற்சி நிலையத்துக்கு வந்து ஆசிரியையின் முன்னால் நின்றான்.

"நான் இதோட நின்னுக்கிடுதேன், மேடம்."

"சரி."

"அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். தப்பு மீட்டர் மேலயா, எம்மேலயா?"

அமலோற்பவம் எழுந்து பட்டறைக்குள் போனார். அவனும் பின்னால் போனான். சுவரில் இருந்த ஒரு பெட்டியின் சுவிட்சை இறக்கி, மூடியைக் கழற்றினார். உள்ளே கரண்ட் ஓடும் செம்புப் பட்டைகள் தெரிந்தன. அலமாரியில் கைக்கு அகப்பட்ட மீட்டரை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"பாரு."

பட்டையில் வைத்துப் பார்த்தான்.

"என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

அவர் வளையலையும் கடிகாரத்தையும் கழற்றி மேசைமேல் வைத்தார். "தொடப்போறேன்."

"வேண்டாம், மேடம்."

"ஏன்? பூஜ்யம்தானே?"

"வேண்டாம்!" அவன் கத்திவிட்டான். ஆசிரியையின் மணிக்கட்டைப் பிடித்திருப்பது அப்புறம்தான் உறைத்தது. சட்டென்று விட்டான்.

"அப்போ என்ன செய்யணுமோ செய்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த பலகையில் காலியாக இருந்த பிளக்கில் போய் மீட்டரை வைத்தான். எண் ஏறியது. திரும்பி வந்து பட்டைகளில் ஒவ்வொன்றாக வைத்தான். பூஜ்யம். மறுபடியும் பிளக்குக்குப் போனான். எண் ஏறியது.

"மீட்டர் நல்லாருக்கு, மேடம்."

"மீட்டரைக் கேக்கலை. நான் தொடலாமா?"

தலையில் உப்பு மூட்டை சுமந்து பழகியவன்தான். ஒரு சொல்லைத் தூக்க முடியாமல் நின்றான். அவர் அவசரப்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கரண்ட் இல்ல" என்றான் கடைசியில். "தொடுங்க."

அமலோற்பவம் வெறும் உள்ளங்கையைச் செம்பின்மேல் அழுத்தி வைத்தார். அவன் கண்ணை மூட நினைத்தான், முடியவில்லை. ஒன்றும் ஆகவில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

இசக்கிதுரை தரையில் குந்திவிட்டான். அடக்கத்தன்று வராத அழுகை இப்போது வந்தது.

"கரண்ட் இருக்கிற இடத்துல வச்சு மீட்டரைச் சோதிக்கணும்னு நீங்க முதல்லயே சொல்லித் தந்தீங்க. லாரி நிக்குதேன்னு விட்டுட்டேன். அன்னைக்கு இப்படிப் பாத்திருந்தா..."

"இருந்திருப்பான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவர் முகத்தில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை.

"அப்போ தப்பு எம்மேலதான்."

"ஆமா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டு மேடம், இன்னொருத்தனைத் தொடுன்னு சொல்லுவேன்?"

அமலோற்பவம் செம்பிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"இப்ப எங்கிட்டச் சொன்ன முகத்தை."