எருமைக்கு வைத்த பெயர்

"உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சாமி. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மலையேறி வந்த டாக்டர் தையல்நாயகி, மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

அது லேசுப்பட்ட மலை இல்லை. ஏறுகிறவர் மூக்கு, முன்னால் போகிறவர் குதிகாலில் இடிக்கும். உச்சியில் ஒரு ஆடு தும்மினால் அடிவாரத்தில் நாலு வீட்டு ஓடு பறக்கும். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் 'நாங்கள் கீழேயே இருந்துகொள்கிறோம்' என்று அழுததைக் கேட்காமல் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பட்டிச்சாமிக்கு அவளில் பாதி வயதுதான் இருக்கும். எருமைப் பட்டியிலேயே குடியிருந்ததால் அந்தப் பெயர். சாணி அள்ளிய கையைப் புல்லில் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குள்ளே?"

"எங்க வீட்டுக்காரருக்குள்ளே."

மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துப் படுத்தவர். பதினாலு மாதமாகக் கண் திறந்திருக்கிறது. பார்வை எதன் மேலும் நிற்பதில்லை.

"நீங்க என்ன டாக்டர்?"

"மனுஷனுக்கு 'நான்'ங்கிற நினைப்பு மூளையில எப்படி முழிச்சுக்குதுன்னு ஆராயற டாக்டர். முப்பது வருஷமா அதுதான் வேலை."

"அப்ப அளந்து பார்க்க வேண்டியதுதானே?"

"பார்க்காமலா? தலை முழுக்கக் கம்பி ஒட்டியிருக்கேன். தினம் அறுபது தடவை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அலை எழும்புதான்னு பார்க்கிறேன். தூங்கறவங்களுக்குக்கூடத் தன் பேர் காதுல விழுந்தா ஒரு தனி அலை வரும்."

"இவருக்கு?"

"கதவு சாத்தற சத்தத்துக்கு என்ன வருதோ, அதுதான் வருது."

"கூப்பிடறது யாரு?"

"நான்தான். பழகின குரலா இருக்கட்டும்னு என் குரலையே பதிவு பண்ணி ஓடவிட்டிருக்கேன்."

சாமி எருமைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதணும் சாமி. உள்ளே யாரும் இல்லைன்னு. எழுத வேண்டியவ நான். எழுதிட்டா, திருப்பிப் படுக்க வைப்பாங்க, குழாய்ல கஞ்சி ஊத்துவாங்க. எல்லாம் செய்வாங்க." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "யாரும் அவர்கிட்ட பேசமாட்டாங்க."

"டீ போடறேன்," என்றார் சாமி. "பால் வேணும். அதோ மேயுது பாருங்க, கூப்பிடுங்க."

எதிர்ச் சரிவில் எருமை நின்றது. அப்படியொரு கறுப்பு, அதன் நிழலில் நின்றால் மத்தியானத்திலேயே நட்சத்திரம் தெரியும்.

"பேர் என்ன?"

"வெள்ளையம்மா."

தையல்நாயகி கூப்பிட்டாள். வகுப்பெடுக்கிற குரலில் கூப்பிட்டாள், கைதட்டிக் கூப்பிட்டாள், கடைசியில் கெஞ்சியும் பார்த்தாள். எருமை வாலைக்கூட ஆட்டவில்லை.

"இதுக்குக் காது கேக்காதா?"

"அப்படியும் எழுதிக்கலாம்," என்றார் சாமி.

பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் விட்டார்.

எருமை நிமிர்ந்தது. வாயில் புல் தொங்கத் தொங்கப் பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி வந்து, அவர் தோளில் மூக்கை வைத்துப் பெருமூச்சு விட்டது.

"வெள்ளையம்மான்னு சொன்னீங்களே?"

"இன்சூரன்ஸ்காரர் காகிதத்துல எழுத ஒரு பேர் கேட்டார். வெச்சேன். அதை இதுகிட்ட யாரும் சொன்னதில்லை. இன்னிக்குத்தான் நீங்க சொல்றீங்க."

பால் கறக்கச் சாமி நீட்டிய சொம்பைத் தையல்நாயகி பிடித்தபடி நின்றாள்.

குரல் பதிவு செய்த அன்றைக்கு அறைக் கதவைத் தாழிட்டிருந்தாள். யாரும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். ஆயிரம் பேர் உட்கார்ந்த அரங்கத்தில் தடுமாறாத வாய். 'சிவக்கொழுந்து' என்று சொல்ல வந்து ஆறு முறை தொண்டையில் நின்றது. ஏழாவது முறைதான் விழுந்தது. தாலி ஏறிய நாளிலிருந்து, யார் கேட்டாலும் அவர் பேரை எழுதித்தான் காட்டியிருக்கிறாள்.

"டீக்கு இஞ்சி போடட்டுமா?" என்று சாமி திரும்பிப் பார்த்தார்.

சொம்புதான் இருந்தது. அவள் பாதி மலை இறங்கியிருந்தாள். முழங்கால்கள் அவளைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை வீட்டுக்காரர் தலையில் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். பதிவை நிறுத்தினாள். கட்டிலோரம் குனிந்தாள்.

"ஏங்க," என்றாள். "உங்களைத்தாங்க."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. திரையில் கோடு அது பாட்டுக்குப் போனது.

அவள் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷர் முதல் குரலுக்குத் திரும்பியதே கிடையாது.