மரகதம் பிரிச்ச போர்வை

குளத்தங்கரை மருதமரப் பொந்துல மரகதம்னு ஒரு பச்சைக்கிளி இருந்துச்சு. கிளி மூக்கு எப்படி இருக்கும்? கொக்கி மாதிரி வளைஞ்சு இருக்கும்ல? அந்த மூக்காலதான் அது பின்னும்! வேலிமுள்ளுல சிக்கின ஆட்டு ரோமத்தைப் பொறுக்கும். முறுக்கி நூலாக்கும். மூக்கை விட்டு ஒரு கண்ணி இழுக்கும். அந்தக் கண்ணிக்குள்ள இன்னொரு கண்ணி. பொழுது சாயறதுக்குள்ள ஒரு குல்லா தயார்!

தாயில்லாத முயல்குட்டிங்களுக்குக் காலுறை. சளி பிடிச்ச தவளைக்குக் கழுத்துத்துணி. அணில் வீட்ல குழந்தை பொறந்தா தொட்டில். யாருக்குக் குளிர்னாலும் மரகதம் மொத ஆளா வந்து நிக்கும்.

"இந்தாம்மா, ரெண்டு கொய்யாப்பழம் வெச்சுக்கோ"ன்னு யாராச்சும் நீட்டினா போதும்.

"ச்சேச்சே! எனக்கெதுக்கு? நான் கொடுக்கிறவ. வாங்குறவ இல்ல!"

கழுத்தை ஒரு வெட்டு வெட்டிட்டுப் பறந்துரும்.

மார்கழி வந்துச்சு. மரகதம் மூணு முட்டை போட்டுச்சு. ஊருக்கெல்லாம் பின்னினதுல, தன் முட்டைக்கு ஒரு போர்வை பின்ன அதுக்கு நேரமே கிடைக்கல. "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு சொல்லிக்கிட்டே ஒரு புளியங்கொட்டையைக் கடிச்சுச்சு.

டக்!

மூக்கு நுனி விரிசல் விட்டுருச்சு. இனிமே பின்ன முடியாது. கொட்டை கடிக்க முடியாது. குளத்துக்கு அந்தப் பக்கம் அத்திமரம் இருக்கு. அதுல கனிஞ்ச பழத்தைத்தான் தின்னணும். போனா முட்டை சில்லிட்டுரும். போகலைன்னா தன் உசுரு நிக்காது. ரெண்டு நாள் பட்டினியா முட்டை மேலயே உக்காந்திருந்துச்சு. யாரையும் கூப்பிடல. வாங்குறவ இல்லையே!

மூணாம் நாள் மத்தியானம் பொந்து வாசல்ல ஒரே சத்தம்.

"மரகதக்காமரகதக்காகொஞ்சம்வெளியவாங்கக்கா!" இது அணில். மூச்சு விடாது.

"நா...னும்... வந்...திருக்...கேன்..." இது மரத்தடியில ஆமை. அது சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க ஒரு டம்ளர் காபி குடிச்சுட்டு வந்துரலாம்.

"கா! தள்ளுங்கடா, நான் சொல்றேன்!" இது காக்கா, காளியக்கா. "ஏண்டி மரகதம், மூக்கை உடைச்சுக்கிட்டா எங்களுக்குத் தெரியாதா? இந்தக் குளத்துல எனக்குத் தெரியாம ஒரு கொசு தும்ம முடியுமா? இந்தா பிடி! முட்டைக்குப் போர்வை! ரோமம் நான் பொறுக்கினேன். ஆமையண்ணன் நூலை மிதிச்சுப் பிடிச்சாரு. இந்த அணில்பய நகத்தால கண்ணி இழுத்தான். நீ கொடுத்த தொட்டிலைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டோம்!"

மரகதம் போர்வையை வாங்கிப் பார்த்துச்சு. மெத்துனு இருந்துச்சு. என்ன பண்றது, பின்னுறவ கண்ணாச்சே! நேரா மூணாவது வரிசையில போய் நின்னுச்சு.

"இங்க ரெண்டு கண்ணி விட்டுப்போச்சே..."

"விடுங்கக்கா!"

"இல்லடா தம்பி, இந்த ஓரத்துல லேசா ஒரே ஒரு இழு இழுத்தா..."ன்னு மரகதமே கால் நகத்தால இழுத்துச்சு.

சர்ர்ர்ர்ர்!

ஒரு கண்ணி கழண்டா அடுத்த கண்ணி நிக்குமா? கண் மூடித் திறக்கிறதுக்குள்ள போர்வை காணோம். பொந்து நிறைய சுருட்டை நூல்தான் கிடந்துச்சு.

அணில், நூல் இழுத்து இழுத்து ரத்தம் கட்டின நகத்தை மெதுவா வாலுக்குள்ள ஒளிச்சுக்கிச்சு. மரகதம் அதைப் பார்த்துருச்சு.

கீழேயிருந்து ஆமை பேசுச்சு. "மரகதம்... எனக்கு ஒரு குல்லா... கொடுத்தியே... தலையை உள்ள இழுத்தா... அது கழண்டு... விழுந்துரும்..."

"ஐயோ! ஏண்ணே சொல்லல?"

"எதுக்குச்... சொல்லணும்? திரும்ப... மாட்டிக்கிறேன். மாட்டும்போதெல்லாம்... உன் நெனப்பு... வருது."

மரகதம் சுருட்டை நூலையெல்லாம் அள்ளி வாசல் பக்கம் தள்ளுச்சு. வாழ்க்கையில மொத தடவையா அது வாய் திறந்து கேட்டுச்சு.

"தப்பு பண்ணிட்டேன். எனக்குப் போர்வை வேணும். பசியில வேற உசுரு போகுது. இன்னொரு தடவை பின்னித் தருவீங்களா?"

"இதைக் கேக்க இத்தனை நாளாடி உனக்கு!" காளியக்கா சிலிர்த்துக்கிச்சு. "நீ போய்ப் பழம் தின்னுட்டு வா. அதுவரைக்கும் முட்டை மேல நான் உக்காந்துக்கறேன்."

காக்கா! முட்டை மேல! அணில் ஆமையைப் பார்த்துச்சு. ஆமை தலையை உள்ள இழுத்துக்கிச்சு.

"என்னடா முழிக்கிறீங்க? முட்டை தின்னிருக்கேன், இல்லேங்கல! இது மரகதம் முட்டைடா!"

மரகதம் ஒரு நிமிஷம் காக்கா கண்ணையே பார்த்துச்சு. அப்புறம் நகர்ந்து இடம் விட்டுச்சு.

"பார்த்துக்கோங்கக்கா"ன்னு சொல்லிட்டுப் பறந்துருச்சு.

வயிறு நிறைய அத்திப்பழம் தின்னுட்டுத் திரும்பினா, பொந்துக்குள்ள அரைக் காக்கா, வெளியே அரைக் காக்கா!

"சீக்கிரம் வாடி, மூச்சு முட்டுது!"

முட்டை மூணும் இருந்துச்சு. மூணும் கதகதன்னு இருந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள போர்வை திரும்பத் தயாராச்சு. அவசரத்துல பின்னினதால இந்தத் தடவை ஏழு கண்ணி விட்டுப்போச்சு. மரகதம் அதை ரெண்டு காலாலயும் வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. "நல்லா இருப்பீங்க மூணு பேரும்"னு சொல்லிக்கிட்டே முட்டை மேல போத்துச்சு.

தை மாசம் மூணு குஞ்சும் பொரிஞ்சுச்சு. எட்டிப் பார்த்த கொக்கு இளிச்சுச்சு. "என்ன மரகதம், உன் வீட்டுப் போர்வையிலயே இத்தனை ஓட்டையா?"

"ஓட்டை இல்லண்ணே, ஜன்னல்! என் புள்ளைங்க அது வழியாத்தான் பெரியம்மாவையும் மாமனுங்களையும் பார்க்குதுங்க!"

கொடுக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. அன்பா ஒருத்தர் செஞ்சு கொடுத்ததைக் குறை பார்க்காம வாங்கிக்கவும் தெரியணும்.